அணைத் தண்ணீர் தெளிந்த வாரம்

வில்கரா,
6 டிசம்பர் 1981

அன்புள்ள லான்ஸ்,

உன் தங்கை நானும் என் புருஷன் க்ளெமும் சுகமாக இருக்கிறோம், உடம்பைப் பொறுத்தவரை. நீயும் நோலாவும் புது வீட்டில் சாமான்களை அடுக்கி முடித்திருப்பீர்கள். போர்ட் மெரின் கடற்காற்று உன் மூக்கடைப்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

போன் செய்திருப்பேன். ஆனால் லைன் போட்டுக் கொடுக்கிற எக்ஸ்சேஞ்சில் மேவிஸ் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் இங்கே தும்மினால் சாயங்காலத்துக்குள் எனக்கு நிமோனியா என்று ஊரில் பேச்சாகிவிடும். அதனால்தான் கடிதம்.

நீ கிளம்பிய இரண்டாம் நாள் பள்ளி விளையாட்டு விழா நடந்தது. மறுநாளிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் படுக்க ஆரம்பித்தன. முதலில் வாந்தி, பிறகு ஈரல் வீக்கம், பிறகு சிறுநீரில் ரத்தம். இன்றுவரை முப்பத்தொரு பிள்ளைகள். ரயில்வே குடியிருப்பு ரீட்டாவின் மகள் க்வெண்டாவை விமானத்தில் பிரிஸ்பேனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எட்டு வயதுப் பெண். அன்றைக்கு ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தவள்.

இதற்கெல்லாம் யார் காரணம் என்று கேள். நான்தான். பள்ளி கேன்டீனில் நான் செய்த முட்டை சாண்ட்விச்தான். கவுன்சில் இன்ஜினியர் கில்மோர் கேன்டீனைப் பூட்டி நோட்டீஸ் ஒட்டிவிட்டான். பதினொரு வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கை இது. கசாப்புக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் தன் பிள்ளையை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டாள். "வெயில்ல முட்டைய வச்சா என்ன ஆகும்னு கூடவா தெரியாது" என்று என் காதுபடவே பேசுகிறார்கள். முட்டை வெயிலில் இல்லை, லான்ஸ். ஐஸ் பெட்டியில் இருந்தது. கத்த வேண்டும்போல் இருக்கிறது.

உனக்கு ஒரு நல்ல சேதியும் உண்டு. உன் இடத்தில் தற்காலிகமாக க்ளெமைக் கவுன்சிலின் அணைத் தண்ணீர் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். நீ போவதற்கு முன் என்ன மந்திரம் போட்டாயோ, குழாய்த் தண்ணீரில் இருந்த சேற்று நாற்றம் அடியோடு போய்விட்டது. அணை கண்ணாடி மாதிரி கிடக்கிறதாம். ஊரே உன் பெயரைச் சொல்லித் தண்ணீர் குடிக்கிறது, என் பெயரைச் சொல்லித் துப்புகிறது.

உடனே பதில் போடு.

பெரில்


போர்ட் மெரின்,
14 டிசம்பர் 1981

அன்புள்ள பெர்ரி,

இங்கே எல்லாரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. க்ளெமுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?

இங்கே நண்டு மலிவு. படகுத்துறையில் நின்று வாளியை நீட்டினால் போதும். நோலா வாரத்தில் மூன்று நாள் நண்டுதான் சமைக்கிறாள். வீட்டில் இரண்டு படுக்கையறை, பின்பக்கம் ஒரு எலுமிச்சை மரம். வேலை இடத்தில் என்னை மரியாதையாக நடத்துகிறார்கள். எல்லாம் கில்மோர் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தின் தயவு. நீ அவரைக் கண்டபடி பேசாதே. நல்ல மனுஷன்.

சாண்ட்விச் விஷயம் வருத்தமாக இருக்கிறது. நான் சொல்வதைக் கேள். கில்மோரிடம் போய், "முட்டை கெட்டுப்போயிருக்கலாம், மன்னிச்சிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. கிறிஸ்துமஸ் போனால் ஊர் மறந்துவிடும். இழுக்க இழுக்கத்தான் இதெல்லாம் நீளும்.

க்வெண்டா என்று எழுதியிருந்தாயே, அவள் எப்படி இருக்கிறாள்?

உன்
எல்.


வில்கரா,
20 டிசம்பர் 1981

லான்ஸ்,

க்ளெமின் முதுகுக்கு ஒன்றும் இல்லை. என் வயிறுதான் எரிகிறது.

செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாய். சின்ன வயதில் ஜன்னலை நீ உடைத்துவிட்டு என்னை அடி வாங்க வைத்தாயே, அப்போதும் இதே குரல்தான்: "சாரி சொல்லிடு பெர்ரி, முடிஞ்சிடும்." எனக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது.

நான் சும்மா அழுதுகொண்டு உட்காரவில்லை. பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று அம்மாக்கள் பழுப்புக் காகிதப் பைமேல் எழுதி அனுப்புவார்கள், நான் அந்தப் பையிலேயே சாப்பாட்டைப் போட்டுக் கொடுப்பேன். காலிப் பைகளைத் திரும்ப வாங்கி அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொள்வேன். கஞ்சப் பிசினாறி என்று நீ கேலி செய்வாயே, அந்தப் பழக்கம் இன்று எனக்குச் சாட்சி சொல்கிறது. விழா நாளின் பைகள் அத்தனையும் என்னிடம் இருக்கின்றன. சமையலறைத் தரையில் பரப்பிவைத்து நோயாளிப் பிள்ளைகளின் பெயரோடு ஒத்துப் பார்த்தேன்.

முட்டை சாண்ட்விச் தின்றவர்கள் ஐம்பத்தெட்டு பேர். அவர்களில் படுத்தவர்கள் பன்னிரண்டு பேர்தான். மற்ற பத்தொன்பது பிள்ளைகள் என் முட்டையைத் தொடவே இல்லை. "க்வெண்டா, சீஸ் பன், சாஸ் வேண்டாம்" என்று ரீட்டாவின் கையெழுத்து அப்படியே இருக்கிறது.

அப்புறம் வீடு வீடாக யோசித்தேன். மாட்டுப் பண்ணைப் பிள்ளைகள் ஒன்றுகூடப் படுக்கவில்லை. தேவாலயத் தெருப் பெரிய வீட்டுப் பிள்ளைகளும் படுக்கவில்லை. அந்த வீடுகளில் எல்லாம் நம் வீட்டைப்போல கூரைத் தண்ணீர் பிடிக்கிற மழைத்தொட்டி இருக்கிறது. படுத்தது ரயில்வே குடியிருப்பு, மாணவர் விடுதி, மரமில்லுக்குப் பின்னால் இருக்கிற வாடகை வீடுகள். எல்லாம் குழாயை நம்பி இருக்கிற வீடுகள்.

நேற்று க்ளெம் அணைக் கொட்டகையைச் சுத்தம் செய்தான். உன் படகின் பின்பக்கமும் கயிறும் ஒரே நீலம். மூலையில் வெறும் சாக்குகள், அவையும் நீலம். பாசியைக் கொல்லப் போடுகிற மயில்துத்தம்தானே அது? போவதற்கு முன் அணையில் போட்டாயா? எவ்வளவு போட்டாய்? ஆமாம், இல்லை என்று ஒரு வரி எழுது. வேறொன்றும் வேண்டாம்.

பெரில்


போர்ட் மெரின்,
24 டிசம்பர் 1981

பெர்ரிக்கும் க்ளெமுக்கும் எங்கள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள். ஆரோக்கியமும் நல்ல மழையும் கிடைக்கட்டும். படகு பழசு, ஓட்டை. க்ளெம் அதை வந்த விலைக்கு விற்றுவிடட்டும். கொட்டகையில் கிடக்கும் சாக்குகளையும் எரித்துவிடச் சொல், பாம்பு அடையும்.

எல்., நோலா


வில்கரா,
9 ஜனவரி 1982

லான்ஸ்,

உன் வாழ்த்து அட்டையில் ஒட்டகத்தின்மேல் மூன்று ஞானிகள் போகிறார்கள். அந்த மூவரையும் சேர்த்தாலும் உன் சாமர்த்தியத்துக்கு ஈடாக மாட்டார்கள். படகை விற்க வேண்டும், சாக்கை எரிக்க வேண்டும். ஆமாம் இல்லை என்பதைத் தவிர எல்லாம் எழுதியிருக்கிறாய். இரண்டையும் நான் செய்யவில்லை.

க்வெண்டாவுக்கு இரண்டு சிறுநீரகமும் சரியாக வேலை செய்யவில்லை. இயந்திரத்தில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். ரீட்டா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாற்காலியிலேயே தூங்குகிறாளாம்.

பிரிஸ்பேனிலிருந்து டாக்டர் லொம்பார்டி என்று ஒரு பெண் விசாரிக்க வந்திருக்கிறாள். இந்த ஊரில் என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசிய முதல் ஆள் அவள்தான். என் காகிதப் பைகளைத் தரையில் மண்டி போட்டுப் பார்த்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பாசின்னு எல்லாரும் சொல்றோம். நெஜத்துல அது பாசியே இல்லம்மா, பாக்டீரியா. வெயிலும் ஓட்டமில்லாத தண்ணியும் கெடச்சா அணை முழுக்கப் பெருகிடும். அதுல ஒரு ஜாதி, விஷத்த தனக்குள்ள வச்சிருக்கும். உசுரோட இருக்கறப்ப கொஞ்சந்தான் கசியும். மருந்து போட்டு ஒரேயடியாக் கொன்னா, ஒடஞ்சு அத்தன விஷமும் தண்ணியில எறங்கிடும். அப்பப் பாத்து நாத்தம் போயிடும், தண்ணி தெளிஞ்சிடும். ஜனங்க சந்தோஷமா இன்னும் ரெண்டு டம்ளர் குடிப்பாங்க. கொதிக்க வச்சாலும் போகாது. உங்க அணையில யாராச்சும் எதாச்சும் போட்டாங்களா?"

கில்மோரிடமும் இதையே கேட்டிருக்கிறாள். "ஒண்ணுமே போடல. வேணும்னா பதிவேட்டப் பாருங்க" என்றானாம். பார்த்திருக்கிறாள். நவம்பர் இருபதாம் தேதி உன் கையெழுத்து, இருபத்திரண்டாம் தேதி உன் கையெழுத்து, இருபத்தொன்று காலி.

நீலச் சாக்கைக் காட்டினேன். "சாக்கு எப்ப வந்துச்சு, எதுக்கு வந்துச்சுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். போட்டவங்க சொன்னாத்தான் நான் அதக் காரணம்னு எழுத முடியும்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஆள் நண்டு தின்றுகொண்டிருக்கிறான்.

பெரில்


வில்கரா,
24 ஜனவரி 1982

லான்ஸ்,

பதினைந்து நாளாகிறது. உனக்கு உடம்புக்கு ஏதும் இல்லை என்று தெரியும். இருந்திருந்தால் நோலா தந்தி அடித்திருப்பாள்.

நூற்றுப் பத்து டிகிரி வெயில் அடிக்கிறது, மழை ஒரு சொட்டு இல்லை. எங்கள் தொட்டியைத் தட்டினால் அடியில் கொஞ்சம் தவிர மேலெல்லாம் வெறும் சத்தம்தான் கேட்கிறது. அணையில் பச்சை திரும்பிவிட்டது, கரையோரம் பெயிண்ட் கொட்டியதுபோல. நாற்றமும் வந்துவிட்டது, புகாரும் வந்துவிட்டது. கில்மோர் நேற்று க்ளெமைக் கூப்பிட்டு, "பிப்ரவரி பதிமூணு சனிக்கெழம மருந்து போட்டுடு. பழைய ஆள் செஞ்ச மாதிரியே செய். எழுதி வைக்கவெல்லாம் வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறான். புதுச் சாக்குகள் வந்து இறங்கிவிட்டன.

டாக்டர் சொன்னதை எல்லாம் க்ளெமிடம் சொன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "நீயும் அந்த டாக்டரம்மாவும் யூகத்துல பேசுறீங்க. தப்பா எதாச்சும் நடந்திருந்தா லான்ஸ் நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லாமயா இருப்பான்? அவன் வாயத் தொறக்கலன்னா ஒண்ணும் இல்லன்னுதான் அர்த்தம்."

உன்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறான். அந்த நம்பிக்கையோடு படகில் ஏறப் போகிறான். ஏறினால் ரயில்வே குடியிருப்பில் மீதி இருக்கிற பிள்ளைகளும் படுக்கும். இந்தத் தடவை போட்டது என் புருஷன் கையாக இருக்கும்.

இன்னும் இருபது நாள் இருக்கிறது. எழுது.

பெரில்


போர்ட் மெரின்,
31 ஜனவரி 1982

அன்புள்ள பெரில்,

நீங்கள் சுகமா? நான் சுகமில்லை. நாலாம் மாதம், எதைத் தின்றாலும் வெளியே வருகிறது. இதைச் சந்தோஷமாகச் சொல்ல ஆசைப்பட்டேன், உங்கள் கடிதங்கள் அதற்கு இடம் விடவில்லை.

லான்ஸுக்கு நீங்கள் எழுதுவதை நிறுத்துங்கள். அவர் உங்கள் கடிதங்களைக் கழிவறையில் உட்கார்ந்து படிக்கிறார், வெளியே வந்தால் வேலி பார்க்கப் போகிறேன் என்று போய்விடுகிறார். எங்களுக்கு இருப்பது பத்தடி வேலி. ஏதாவது கேட்டால், "ஒண்ணுமில்ல நோலா, ஊர்ல கொஞ்சம் சத்தம்" என்கிறார். இந்த வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இப்போது கில்மோரைப் பகைத்துக்கொண்டால் நாங்கள் எங்கே போவோம்? உங்களுக்கு உங்கள் பெயர் பெரிதாக இருக்கலாம். எனக்கு என் பிள்ளை.

நோலா


வில்கரா,
5 பிப்ரவரி 1982

அன்புள்ள நோலா,

வாழ்த்துகள், மனதாரச் சொல்கிறேன். உப்பு பிஸ்கட்டை எழுந்தவுடன் வாயில் போட்டுக்கொள், குமட்டல் அடங்கும்.

என் பெயர் பற்றி எழுதியிருக்கிறாய். பெயர் போனால் போகட்டும், அதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். விழா அன்று பள்ளிக் குழாயைத் திறந்து ஆரஞ்சு சர்பத் கலக்கினேன். பந்தயத்தில் ஜெயித்து மூச்சு வாங்க வந்த க்வெண்டாவுக்கு, கெட்டிக்காரி என்று சொல்லி இரண்டு கிளாஸ் கொடுத்தேன். அவள் வீட்டில் ஏற்கெனவே அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் நான் என் கையால் ஊற்றினேன். அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று உன் புருஷனுக்குத் தெரியுமா தெரியாதா என்பது மட்டுமே எனக்குத் தெரிய வேண்டும்.

உன் பிள்ளை பெரிது. ரீட்டாவின் பிள்ளை சின்னதா?

இந்தக் கடிதத்தை வேலியோரம் கொண்டுபோய் அவன் கையில் கொடு.

பெரில்


போர்ட் மெரின்,
8 பிப்ரவரி 1982

பெர்ரி,

நோலா கடிதத்தைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை வேலியோரமே நின்றாள்.

ஆமாம், போட்டேன். நவம்பர் இருபது வெள்ளிக்கிழமை கில்மோர் போனில் கூப்பிட்டார். புகார் தாங்க முடியவில்லை, நீ போவதற்குள் முடித்துவிட்டுப் போ என்றார். சனிக்கிழமை காலை சாக்குகளைப் படகின் பின்னால் கட்டி அணை முழுவதும் இழுத்தேன். கணக்குப்படி ஆறு சாக்கு போதும். கொட்டகையில் பதினொன்று இருந்தது. ஊரை விட்டுப் போகிறவன் பாதிச் சாக்குகளை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுப் போகக் கூடாது, இடத்தைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும் என்று நினைத்தேன். பதினொன்றையும் போட்டேன்.

மருந்து போட்டால் பத்து நாள் மதகை மூட வேண்டும். அது எனக்குத் தெரியும். கேட்டேன். "பத்து நாளு மூடினா, பந்து உருட்டி ஆடுற பௌலிங் மைதானப் புல்லு தண்ணியில்லாமக் கருகிடும், டிசம்பர்ல போட்டி இருக்கு" என்றார் கில்மோர். மூடவில்லை. பதிவேட்டில் எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை.

விஷம் பற்றிச் சத்தியமாக எனக்குத் தெரியாது. உன் முதல் கடிதம் வந்த அன்று தெரிந்துவிட்டது. தேதிகளை விரல்விட்டு எண்ணினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் நாளைக்கு எழுதலாம் என்று இருந்தேன்.

க்ளெமைப் படகில் ஏற விடாதே. இதைப் படித்ததும் எரித்துவிடு.

எல்.


வில்கரா,
15 பிப்ரவரி 1982

லான்ஸ்,

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி மத்தியானம் வந்தது. க்ளெம் அதை மூன்று தடவை படித்தான். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு, கொட்டகைச் சாவியைக் கில்மோரின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தான். இப்போது அவனுக்கு வேலை இல்லை. உன்னைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் எரிக்கவில்லை. அன்று மாலை கவுன்சில் கூட்டத்தில் எழுந்து நின்று முழுவதையும் வாசித்தேன், எரித்துவிடு என்ற வரியையும் சேர்த்து. கில்மோர் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "கீழ 'எல்'னு ஒரு எழுத்து இருக்கு. இத யாரு வேணா எழுதலாம். முட்டை கெட்டுப்போச்சுன்னு ஒத்துக்க மனசில்லாத பொம்பள என்னதான் எழுத மாட்டா?" சிரித்தார்கள். நம் கூடப் படித்தவர்களும் சிரித்தார்கள்.

மருந்து போடுவதை இரண்டு வாரம் தள்ளிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இருபத்தாறாம் தேதி சமூகக் கூடத்தில் பொதுக்கூட்டம். டாக்டர் லொம்பார்டியும் வருகிறாள். நீ வந்து உன் வாயால் சொல்லாவிட்டால், மறுநாள் வேறொருவன் படகில் ஏறுவான். ஆள் பார்த்து வைத்துவிட்டார்கள்.

பெரில்


போர்ட் மெரின்,
20 பிப்ரவரி 1982

பெர்ரி,

எரிக்கச் சொன்னேன், ஊருக்கு வாசித்துவிட்டாய். என்னை விற்றுவிட்டாய் என்று இரண்டு நாள் கத்தினேன். மூன்றாம் நாள் நோலா பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள், என்னுடையதை.

வியாழக்கிழமை ரயில். க்ளெம் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம்.

லான்ஸ் ப்ரிட்சர்ட்


வில்கரா,
7 மார்ச் 1982

அன்புள்ள லான்ஸ்,

நீ ஊர் போய்ச் சேர்ந்த தகவலை நோலா எழுதியிருந்தாள். அங்கேயும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். அதற்காக வருத்தப்படுகிறேன். அவள் வயிறு நன்றாக இருக்கிறதா?

இங்கே நடந்ததைக் கேள். அணை மதகை மூடிவிட்டார்கள், லாரியில் தண்ணீர் வருகிறது. கில்மோர் சம்பளத்தோடு விடுப்பில் இருக்கிறான், மைதானத்தில் பௌலிங் ஆடுகிறான். கேன்டீன் நோட்டீஸை யாரோ கிழித்துவிட்டார்கள். மன்னிப்பு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கசாப்புக் கடைக்காரன் மட்டும் கேட்காமலே இரண்டு சாசேஜ் கூடப் போட்டான். அதை அவன் பலகைமேலேயே வைத்துவிட்டு வந்தேன். க்வெண்டா வீட்டுக்கு வந்துவிட்டாள். சிறுநீரகம் பாதிதான் வேலை செய்யுமாம், இனிமேலும் அப்படித்தானாம். பந்தயம் எல்லாம் கிடையாது.

நீ அன்றைக்கு நின்று பேசினாய். ஒன்றையும் மறைக்கவில்லை. பதினொரு சாக்கு என்று எண்ணிக்கையைக்கூடச் சொன்னாய். போனது போகட்டும், என் அண்ணன் வந்துவிட்டான் என்று நினைத்தேன். உன்மேல் இருந்த கோபத்தில் பாதியை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

அப்புறம் பின்னறையில் உனக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன். பக்கத்தில் ரீட்டா நின்றுகொண்டிருந்தாள். கோப்பையை வாய்வரை கொண்டுபோனவன் நிறுத்தி, என்னிடம் குனிந்து மெதுவாகக் கேட்டாய்: "எந்தத் தண்ணி பெர்ரி? தொட்டியா, குழாயா?"

மதகில் கை வைத்து நின்றபோது நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது, லான்ஸ். முப்பத்தொரு பிள்ளைகளுக்காகக் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு உனக்குத் தோன்றவில்லை. உன் வாய்க்கு என்று வந்ததும் தோன்றிவிட்டது. ரீட்டா அதைக் கேட்டாள். அவள் முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

நான் பதில் சொல்லவில்லை. நீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டாய். இப்போது சொல்கிறேன். அது தொட்டித் தண்ணீர். எங்கள் தொட்டியின் அடியில் இருந்த கடைசி நாலு விரல்கடை. நீ வருகிறாய் என்று ஒரு வாரமாக க்ளெமைக்கூடத் தொட விடாமல் வைத்திருந்தேன்.

நீ வைத்துவிட்டுப் போனதை ரீட்டா எடுத்துக் குடித்தாள்.

நோலாவைக் கேட்டதாகச் சொல். அவள் எழுதட்டும், நீ எழுத வேண்டாம்.

பெரில்